புதியவர்கள் செய்யும் பிழைகள்

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர்களுக்குப் பெரிய ஸ்க்ரூக்கள் மேல் கொஞ்சம் இளக்காரம் உண்டு. மூக்குக் கண்ணாடியின் காதுக் கம்பியை ஃபிரேமோடு சேர்க்கும் ஸ்க்ரூ ஒரு கடுகளவுகூட இருக்காது. கீழே விழுந்தால் காந்தத்தை வைத்துத் தரையைத் துழாவ வேண்டும். அதனால் என் தம்பி கம்ப்யூட்டர் ஸ்க்ரூக்களைச் சாப்பாட்டு மேசைமேல் கொட்டிவிட்டு அவற்றைப் பார்த்துப் பயந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

டீக்கு நன்றி ஐயா. அவசரம் ஒன்றுமில்லை, எழுதுகிறவர் மெதுவாகவே எழுதட்டும். என் தம்பியிடம் நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். அவன் சொன்னதில் பொய் இருக்காது. ஆனால் அவனுக்குத் தெரிந்ததைத்தானே அவன் சொல்ல முடியும். மீதியை நான் சொல்கிறேன்.

அப்பா எங்களை விட்டுப் போனது அவன் நடக்கப் பழகிய சமயத்தில். அம்மா போனது அவன் பள்ளி முடிக்கும் முன்பு. அப்போதே நான் கண்ணாடிக் கடையில் சேர்ந்துவிட்டேன். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது, வளைந்ததை நிமிர்த்துவது, மூக்கில் அழுத்துவதைச் சரிசெய்வது, இவைதான் என் வேலை. எனக்கு வரன் வராமல் இல்லை. தம்பியையும் கூட வைத்துக்கொள்ள யாரும் சம்மதிக்கவில்லை, நானும் கழுத்தை நீட்டவில்லை. இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. அவனிடம்கூட எப்போதாவதுதான்.

தம்பி பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தான். காலையிலேயே பைக்கில் கிளம்பிவிடுவான், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் திரும்புவான். எங்கள் கடை திறக்க நேரமாகும் என்பதால் காலையில் வீட்டில் நான் மட்டும் இருப்பேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு ஒரு சிநேகிதன். பள்ளியில் ஒரு இடத்தில் உட்காராதவன் என்பதால் அவனை எல்லோரும் ராக்கெட் என்பார்கள். வேறு ஊரில் ஒரு கம்பெனியில் வேலை. புதிய கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்பனைக்கு விடும் முன்பு அங்கே ஆட்களை உட்காரவைத்து விளையாடச் சொல்லி, எங்கே இடறுகிறது, எங்கே நின்றுபோகிறது என்று கண்டுபிடிக்கிறார்களாம். விளையாடச் சம்பளமா என்று நான் கேட்டேன். "விளையாட இல்லக்கா, குத்தம் கண்டுபிடிக்க. அதுல நீதான் பெரிய ஆளு, உன்னைத்தான் எடுக்கணும்" என்றான் தம்பி. அப்போதெல்லாம் இப்படி வாயாடுவான்.

அந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கும் முன்பு கொஞ்ச காலம் வீட்டிலிருந்தே சோதித்துக் காட்டச் சொல்வார்கள். அதற்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். கடையில் கட்டி வைத்திருப்பதை வாங்க எங்களுக்கு வசதியில்லை. உதிரியாக வாங்கி நாமே பொருத்தினால் மலிவாக முடியும் என்று ராக்கெட்தான் சொல்லிக்கொடுத்தான்.

தம்பி ஒவ்வொரு பொருளாக வாங்கிச் சேர்த்தான். முதலில் வெளிக்கூடு வந்தது. வீடே கட்டாமல் கேட்டை மட்டும் வாங்கி வந்து நிறுத்திய மாதிரி அது மூலையில் கிடந்தது. பிறகு மதர்போர்டு, பிராசசர், ராம், பவர் சப்ளை. திரையில் படம் வரவைக்கும் கிராபிக்ஸ் கார்டு மட்டும் பழையது. கடைத்தெருவில் ஒரு மாடிக் கடை இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள், இரும்புப் படி ஏறிப் போக வேண்டும். அங்கேதான் எல்லாம் வாங்கினான். கடைக்காரர் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, எது வேண்டும், எது வெட்டிச் செலவு என்று சொல்லி அனுப்பினார். கார்டைத் தூக்கிவர முடியாதோ என்று அவன் கூப்பிட்டதால் ஒருமுறை நானும் போயிருந்தேன். போய்ப் பார்த்தால் அது ஒரு செருப்புப் பெட்டி அளவுதான்.

மாலைகளில் மேசைமேல் துணியை விரித்து உட்கார்ந்துவிடுவான். போனில் வீடியோ ஓடும். ஒரு ஸ்க்ரூவை முடுக்குவதற்குள் வீடியோவை நாலு தரம் நிறுத்திப் பின்னால் தள்ளிப் பார்ப்பான். நான் டார்ச் பிடிப்பேன். எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தது அந்த நாட்களில்தான். பிராசசரை வைக்கப் போய் இரண்டு தரம் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அதன் அடியில் மயிரிழை போன்ற ஊசிகள். ஒன்று வளைந்தாலும் போச்சு. "தள்ளு, நான் வைக்கிறேன். தினமும் செய்ற கை இது" என்றேன்.

"வேணாம்க்கா. இதை நானே செஞ்சாத்தான் எனக்கு நிம்மதி" என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. நான் டார்ச்சை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

எல்லாம் பொருத்தி முடித்த மாலையில் அவன் பால்கனியில் நின்று ராக்கெட்டோடு பேசிக்கொண்டிருந்தான். மறுநாள் வேலையிலிருந்து வந்ததும், ராக்கெட் போனில் பார்த்துக்கொண்டிருக்க, முதல் தடவையாக இயக்கிப் பார்ப்பதாகத் திட்டம். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். "எடுத்துட்டாங்கன்னா அடுத்த வாரமே கிளம்பி வந்துடுவேன்டா" என்றான். ராக்கெட் ஏதோ கேட்டிருப்பான். "அக்காவா? அக்கா சமாளிச்சுக்கும். அதுக்கென்ன" என்றான்.

அந்த வார்த்தையை நான் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தேன். அவனுக்கு அம்மை போட்டபோது நான் சமாளித்தேன். அவன் ஃபீஸ் கட்டும்போது சமாளித்தேன். எல்லாவற்றையும் அவனோடு சமாளித்தேன். அவன் இல்லாமல் எதைச் சமாளிப்பது என்றுதான் எனக்கு விளங்கவில்லை. துணியை மடித்து அடுக்கி வைத்துவிட்டுச் சாப்பாடு போட்டேன்.

மறுநாள் காலை அவன் போனதும் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி, ராம் என்ற அந்த நீளப் பட்டையின் ஒரு முனையை மட்டும் கொஞ்சம் மேலே தூக்கி விட்டேன். பார்வைக்கு எதுவும் தெரியாது. கண்ணாடியில் லென்ஸ் சரியாக உட்காராதபோது எப்படியிருக்குமோ அப்படி. தகட்டைப் பழையபடி மூடி, கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போனேன். பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. ஒரு நாள் தள்ளிப்போகட்டும், அவ்வளவுதான்.

அன்று பாதி நாள் லீவு சொல்லிவிட்டு நானும் வந்துவிட்டேன். தம்பி பட்டனை அழுத்தினான். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. அவன் முகம் சின்னப் பையன் முகமாகிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்படி அவன் என்னைப் பார்த்து எத்தனை காலம் ஆகியிருந்தது. ஆனால் அதற்குள் போனிலிருந்து ராக்கெட், "ராமை ஒரு தடவை நல்லா அழுத்துடா, எல்லாருக்கும் இதான் ஆகும்" என்றான். தம்பி அழுத்தினான். டக்கென்று சத்தம் கேட்டது. திரையில் வெளிச்சம் வந்தது.

"ஓடுதுக்கா" என்றான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அன்றோடு நான் விட்டிருப்பேன். ஆனால் அவன் போனைத் தூக்கிக்கொண்டு, திரையை, கார்டை, சுற்றும் ஃபேனை ஒவ்வொன்றாக ராக்கெட்டுக்குக் காட்ட ஆரம்பித்தான். இரண்டு பேரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அவன் முதுகு என் பக்கம் இருந்தது. நான் பிடித்திருந்த டார்ச் எரிந்துகொண்டே இருந்ததை நானே கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன்.

அதன் பிறகு நானும் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். கடையில் சாப்பாட்டு வேளையில், காதில் மாட்டிக்கொண்டு. முதல் தடவை கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் செய்யும் பிழைகள் என்று ஒருவர் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டே போவார். நல்ல மனிதர், தெளிவாகச் சொல்வார். நான் செய்ததெல்லாம் அதிலிருந்து எடுத்ததுதான். நானாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

பவர் சப்ளைக்குப் பின்னால் ஒரு சிறிய சுவிட்ச் உண்டு. அதை அணைத்து வைத்தேன். தம்பி ஒரு மதியம் முழுக்க எல்லாவற்றையும் கழற்றி மாட்டினான். ராக்கெட்தான் கடைசியில் சுவிட்சைப் பார்க்கச் சொன்னான், சொல்லிவிட்டுச் சிரித்தான். மானிட்டர் கேபிளை கார்டில் செருகுவதற்குப் பதிலாக மேலே இருக்கும் மதர்போர்டில் செருகினால் படம் வராது. அதையும் செய்தேன். பட்டனுக்குப் போகும் நூல் போன்ற ஒயர்களை ஒரு ஊசி தள்ளி மாட்டி வைத்தேன், அதற்கு என் ட்வீசர் தேவைப்பட்டது. தினமும் செய்யவில்லை. இரண்டு மூன்று நாள் நன்றாக ஓட விடுவேன். அவன் நம்பிக்கையோடு சோதனை வேலையை ஆரம்பித்து, பாதிக்கு வந்திருக்கும் சமயம் பார்த்து நிறுத்துவேன். விடாமல் கெடுத்தால் பொருள்மேல் சந்தேகம் வரும். விட்டு விட்டுக் கெட்டால் தன்மேல்தான் வரும்.

அந்தக் கூட்டின் உள்விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அவன் விரல்களிலெல்லாம் கீறல். வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் தகட்டைக் கழற்றுவான். பட்டனை அழுத்துவான், காத்திருப்பான், மறுபடி அழுத்துவான். பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான். போட்ட சாப்பாடு போட்டபடி இருக்கும். ஒருநாள் ஸ்க்ரூடிரைவரைச் சுவரில் விட்டெறிந்தான். எறிந்த கையோடு எழுந்துபோய் அதை எடுத்து, சுவரில் விழுந்த தழும்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். "ஊர்ல சின்னப் பசங்கல்லாம் கட்டுறாங்க. எனக்கு மட்டும் ஏன்க்கா வரமாட்டேங்குது" என்றான்.

"சிலருக்குக் கை வராதுடா. அதுக்கு என்ன பண்றது" என்றேன்.

"நேத்து இதை நான் ஒழுங்காத்தானே மாட்டினேன்? நீயும் பார்த்தல்ல?"

"மாட்டியிருப்ப. நான் சரியாப் பார்க்கலையே. நீ வேற அவசரத்துல இருந்த."

பைக் சாவியையும் ஓரிரு தடவை இடம் மாற்றி வைத்தேன். பார்சல் ஒன்றை அவன் பையிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அதற்காக வேலையிடத்தில் அவனை எல்லோர் முன்னாலும் திட்டினார்கள். அவையெல்லாம் கம்ப்யூட்டரோடு சம்பந்தப்பட்டவை இல்லை, ஆனால் உதவியாக இருந்தன. அவன் கதவைப் பூட்டிவிட்டு வந்து மறுபடி இழுத்துப் பார்க்க ஆரம்பித்தான். பிறகு என்னை இழுத்துப் பார்க்கச் சொன்னான். அடுப்பை அணைத்தேனா, ஃபேனை நிறுத்தினேனா என்று வேலையிலிருந்து போன் செய்தான். ஒரு மாலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கு மூளையில ஏதோ ஆயிடுச்சுக்கா" என்று என் தோளில் சாய்ந்தான். தலை வியர்த்திருந்தது. நான் தட்டிக்கொடுத்தேன். நான் இருக்கேன்ல என்றேன். அன்று அவன் நன்றாகச் சாப்பிட்டான்.

அதற்கப்புறம் ராக்கெட் குறுக்கே வராமல் இருந்திருந்தால் எல்லாம் அப்படியே அடங்கியிருக்கும். அவன்தான் தினமும் மாட்டி முடித்ததும் கேபிள்களைப் போனில் படம் எடுத்துவைக்கச் சொன்னான். தம்பியும் எடுத்தான். மறுநாள் ஒரு கேபிள் கழன்று கிடந்தது. படத்தில் அது ஒழுங்காக மாட்டியிருந்தது. படத்தையும் கேபிளையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தப்பு தன்மேல் இல்லை, சாமான்மேல்தான் என்று முடிவுகட்டி, கம்ப்யூட்டரைப் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு கடைக்குப் போனான். என்மேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. எனக்குப் போனில் எழுத்தைப் பெரிதாக்கக்கூடத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன்.

கடையில் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து நின்றது. மறுபடி கொண்டுபோனான், மறுபடி ஓடியது. முதலில் கடைக்காரர் கேலி செய்திருக்கிறார். "தம்பி, மெஷினுக்கு எங்க கடைதான் பிடிச்சிருக்கு, இங்கயே விட்டுட்டுப் போங்க" என்றாராம். கடையில் நின்றவர்கள் சிரித்தார்களாம். அதைச் சொல்லும்போது தம்பிக்குக் காது சிவந்தது. மூன்றாம் தடவை அவர் கேலி செய்யவில்லை. நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க என்று அவனை அனுப்பிவிட்டு, ஒவ்வொரு கேபிளாக இழுத்துப் பார்த்திருக்கிறார். அவன் வந்ததும், வீட்டில் வேறு யாராவது இதைத் தொடுகிறார்களா என்று கேட்டார்.

"அக்கா மட்டும்தான் இருக்கு. அது இது பக்கமே வராதுன்னு சொன்னேன்" என்று தம்பி என்னிடம் சொன்னான். "மனுஷன் தன் சாமான்ல கோளாறுன்னு ஒத்துக்காம என்னென்ன கேட்கிறார் பாரு."

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். அதுதான் என் பிழை. கம்பெனியில் கேட்டிருந்த சோதனையை அவன் அந்த வாரம் முடித்து அனுப்ப வேண்டியிருந்தது. முக்கால்வாசி முடித்துவிட்டான். அதனால் காலையில் பிராசசருக்கு மின்சாரம் போகும் கேபிளைக் கழற்றினேன். மதியம் அவன் அதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரருக்குப் போன் செய்து கத்தியிருக்கிறான். நாளைக்குக் கொண்டு வாங்க தம்பி, நேரில் பேசிக்கலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை அவர் எங்கள் கண்ணாடிக் கடைக்கு வந்தார். கடையில் கூட்டமில்லை. தன் கண்ணாடியைக் கழற்றி என் முன்னால் வைத்து, காதுக் கம்பி ஆடுகிறது என்றார். நிஜமாகவே ஆடியது. நான் ஸ்க்ரூவை முடுக்க ஆரம்பித்தேன்.

"கண்ணாடி இல்லாம உங்க முகம் எனக்குச் சரியாத் தெரியலை. ஒருவகையில அதுவும் நல்லதுதான்" என்றார். பிறகு, "அந்த கேபிளுக்கு ஒரு கொக்கி இருக்கும்மா. கொக்கியை அழுத்திக்கிட்டே இழுத்தாத்தான் வரும். அது தானா கழலாது" என்றார்.

"என்ன சொல்ல வர்றீங்க?"

"நான் எதுவும் சொல்ல வரலை. நானும் தங்கச்சிகளோட பிறந்தவன். வீட்டுக்குள்ள ஆயிரம் இருக்கும், அதுல நான் மூக்கை நுழைக்க முடியாது. ஆனா அந்தப் பையன் என் கண்ணு முன்னால தேஞ்சுக்கிட்டே போறான். அன்னைக்கு டீயை வாய்க்குக் கொண்டுபோறப்போ கை ஆடுதும்மா. நாளைக்கு மத்தியானம் என்கிட்ட வருவான். அதுக்குள்ள நீங்களே சொல்லிட்டா நல்லது. நான் சொல்ற மாதிரி வெச்சுடாதீங்க."

கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். எவ்வளவு என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஏதாவது பேரம் பேசியிருக்கலாம். நல்லவர்களிடம் அதற்கு வழியில்லை.

ஆக, எனக்கு ஒரு காலைப்பொழுது இருந்தது. தம்பி கிளம்பியதும் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி எடுத்தேன். அதன் முதுகில் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்று உண்டு. வாங்கிய அன்றைக்கே தம்பி ஆசையாக அதைப் படம் எடுத்து வைத்திருந்தான், அதன் பிறகு அவன் எடுத்ததெல்லாம் கேபிள்களைத்தான். ஃபிரேமிலிருந்து விலை ஸ்டிக்கரை எடுக்கிற மாதிரி சூடு காட்டி அதை உரித்தேன். பசையைத் துடைத்தேன். விளிம்பில் லென்ஸ் கீறும் முனையால் ஆழமாக ஒரு கோடு போட்டேன். மேலே கொஞ்சம் தூசியும் தடவினேன். பழைய கார்டுதான், இருந்தாலும் இப்போது இன்னும் பழையதாக, வேறொன்றாகத் தெரிந்தது. கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவனுக்காகக் காத்திருந்தேன்.

அவன் வந்து, கொண்டுபோவதற்கு முன்பு எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தான். கார்டில் கை நின்றது. போனை எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டான். "அக்கா, இது என் கார்டு இல்ல" என்றான்.

"அன்னைக்கு மெஷினைக் கடையில விட்டுட்டு நீ எங்கயாவது வெளில போனியா?" என்று கேட்டேன்.

"டீ குடிக்கப் போனேன். அவர்தான் போகச் சொன்னார்."

"அதான்" என்றேன்.

அந்த ஒரு சொல்லே போதுமோ என்னவோ. ஆனால் கடைக்காரர் பேசினால் அவர் பேச்சை அவன் நம்பிவிடக் கூடாது. அதனால், அவர் நேற்று என் கடைக்கு வந்ததைச் சொன்னேன். வந்தது உண்மைதானே. "உன் தம்பிக்கு மூளை சரியில்ல, டாக்டர்கிட்டக் காட்டுங்க, எல்லாத்தையும் அவனே கழட்டிட்டு அவனே வந்து கத்துறான்னு சொன்னார்டா. கடையில எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. எனக்குத் தலையைத் தொங்கப் போட்டுக்க வேண்டியதாப் போச்சு" என்றேன். கார்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போனான். தலைக்கவசத்தை மறந்துவிட்டுப் போனான். நான் பால்கனியில் நின்று கூப்பிட்டேன், அவனுக்குக் கேட்கவில்லை.

மற்றது உங்களுக்கே தெரியும். கடைக்காரர் ஆஸ்பத்திரியில் தன்னிடம் சொன்னதாக அவர் மனைவி சொன்னதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். உள்ளே ஆட்கள் இருந்ததால், தனியாகப் பேசலாம் என்று கடைக்காரர்தான் அவன் தோளில் கைபோட்டு வெளியே படியண்டை கூட்டிப்போயிருக்கிறார். கார்டை வாங்கிப் பார்த்திருக்கிறார். இது நான் கொடுத்த கார்டுதான், ஸ்டிக்கரைத்தான் யாரோ எடுத்திருக்காங்க, நீங்க வீட்டுல உங்க அக்காவைக் கேளுங்க தம்பி என்றிருக்கிறார். அக்காவைப் பத்திப் பேசாதே என்று சொல்லித்தான் இவன் தள்ளியிருக்கிறான்.

அதை நீங்கள் மறுபடி ஒருமுறை படிக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. கேட்கவில்லை.

உங்கள் மேசைமேல் இருந்த படங்களையும் பார்த்தேன். அவர் கண்ணாடியில் ஒரு லென்ஸ் தூள்தூளாகியிருக்கிறது. நான் முடுக்கிய காதுக் கம்பி மட்டும் ஆடாமல் நிற்கிறது. அவர் மறுநாளே இறந்துபோனது எனக்கும் வருத்தம்தான். அவர் மனைவிக்குப் படிக்கிற கண்ணாடி நான்தான் செய்து கொடுத்திருந்தேன். அவ்வளவு தூரம் போகும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தம்பி சரியாகத் தூங்கியே பல நாளாகியிருந்தது. சின்ன வயதில், என்னைக் கேலி செய்த பக்கத்து வீட்டுப் பையனை இவன் கீழே தள்ளிப் பல்லை உடைத்திருக்கிறான். என்னைப் பற்றி யாராவது பேசினால் இவன் கை சும்மா இருக்காது என்பது எனக்குத் தெரியும். அந்தக் கடையின் படிகளுக்குக் கைப்பிடி கிடையாது. நான் போயிருந்தபோது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். அது அன்று எனக்கு நினைவில் இருந்ததா என்றால், இருந்தது. கடைக்காரர் பேசாமல் போக வேண்டும் என்று நினைத்தேன். எப்படி என்று வாய்விட்டு நினைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்று காலையில் இங்கே வருமுன் கம்ப்யூட்டரை நானே பொருத்திப் பார்த்தேன். கார்டை நீங்கள் எடுத்து வைத்திருப்பதால் எங்கள் கடைப் பையன் ஒருவனிடம் பழையது ஒன்று வாங்கிப் போட்டேன். முதல் தடவையே ஓடியது. உண்மையில் அதில் கஷ்டமே இல்லை ஐயா. இதற்குப் போய் அந்தப் பிள்ளை அவ்வளவு அல்லாடினான்.

நான் ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்று இன்னும் நீங்கள் கேட்கவில்லை. மனசாட்சி என்று நீங்களே நினைத்துக்கொண்டிருக்கலாம். வெளியே பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், வரும்போது பார்த்திருப்பீர்கள். காலை ஒரு இடத்தில் வைக்காமல் ஆட்டிக்கொண்டே இருப்பான். அவன்தான் ராக்கெட். விஷயம் கேள்விப்பட்டதும் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டான். வக்கீலும் வைத்திருக்கிறான். தம்பிக்குக் கேட்டிருந்த வேலையை அவன் கம்பெனியில் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லையாம், எவ்வளவு நாளானாலும் காத்திருக்கச் சொல்கிறேன் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறான். உள்ளே இருப்பவனுக்கு நான் சாப்பாடு கொண்டுபோனபோது, ராக்கெட் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டேன் என்று தம்பி என்னிடம் சொன்னான். நேற்று ராக்கெட் வீட்டுக்கு வந்து, மேசையண்டை ரொம்ப நேரம் நின்றான். பிறகு, காலையில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று என்னைக் கேட்டான். பதில் அவனுக்கே தெரிந்திருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ அவனே உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து, நான் சொன்னதையெல்லாம் சொல்லியிருப்பான்.

அதற்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை. அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் நான்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். எனக்காக வக்கீல் யாரும் வேண்டாம். அவனிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள் ஐயா. அவனைக் காப்பாற்றியது ராக்கெட் இல்லை, அக்காதான் என்று.